முதியோர் பணிவிடைக்கு அளவுகோல் எது?

வயிற்றுக்கடுப்பால் தம் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் புத்தர் கண்டார். அவரால் தமக்குப் பயனில்லை என்று ஏனைய பிக்குகள் அவரைக் கைவிட்டிருந்தனர். ஆனந்தர் துணைநிற்க, பகவன் தாமே அவரைக் கழுவிக் கட்டிலில் கிடத்தினார். நோயுற்ற பிக்குவுக்கு ஆசிரியரோ மாணவரோ பணிவிடை செய்தல் வேண்டும். எவரும் இல்லையெனில் சங்கமே செய்தல் வேண்டும் என்று அன்று விதித்ததாக மகாவக்கம் கூறும்.

இல்லறத்தார்க்கு அச்சங்கத்தின் இடத்தில் நிற்பது அரசாங்கமே. பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது 2007 ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. அது முறையே. ஆயினும் தாராவியில் நாட்கூலிக்குச் செல்லும் மகள், படுத்த படுக்கையான தாயின் அருகே இருந்தால் அன்றைய கூலியை இழக்கிறாள். மகாராட்டிர அரசின் சிரவண்பாள் திட்டம் 65 வயது நிறைந்த வறியோர்க்கு உதவித்தொகை தருகிறது. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மருந்தை வீட்டிற்கே கொண்டு செல்கிறது. இவை நல்லனவே. ஆனால் இன்னார்க்கு இத்தனை மணி நேரப் பணிவிடை என்று அளந்து தரும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

ஜப்பானில் 2000 ஆம் ஆண்டு முதல் அஃது உண்டு. படுக்கையில் புரள இயலுமா, தம் பெயரைச் சொல்ல இயலுமா என்பன போன்ற 74 வினாக்களைக் கேட்கின்றனர். விடைகளைக் கொண்டு, வேண்டிய நேரத்தைக் கணிப்பொறி நிமிடக் கணக்கில் மதிப்பிடுகிறது. பின்னர் ஒரு குழு, மருத்துவர் கருத்தையும் ஆராய்ந்து, ஏழு நிலைகளுள் ஒன்றை வகுக்கிறது. மருமகள் வீட்டிலிருக்கிறாள் என்பதற்காக அந்நிலை குறைவதில்லை. உடலின் தேவையே அங்கு அளவுகோல்.

நாம் போற்றத்தக்க நெறி இது. ஆயினும் அவ்வளவுகோலை அப்படியே இங்கு கொணர்தல் போதாது. தாராவியில் மூதாட்டி ஒருத்தி பரணிலிருந்து செங்குத்தான ஏணி வழியே இறங்க வேண்டும். பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஒருவர் அவளைத் தாங்கி நிற்க வேண்டும். ஆகவே இங்கு உடலோடு சந்தையும் சேர்த்து அளத்தல் வேண்டும். சந்து குறுகக் குறுக, பணிவிடை நேரம் நீள்கிறது.

அரசு அளக்க முன்வரும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. தாராவி, மாதுங்கா, செம்பூர் வாழ் அன்பர்கள் தத்தம் சந்தில் எந்த முதியவருக்கு எத்தனை மணி நேரத் துணை வேண்டும், அதனை யார் எக்கூலியை இழந்து தருகின்றனர் என்று எழுதி வைப்போமாக. மாநகராட்சியிடம் கேட்க அக்கணக்கு உதவும். அதுவரை, எவருமற்ற முதியவர்க்கு நாமே சங்கம்.