இருமையும் இரண்டன்மையும்



ஓருடம்பிற்கு ஓருயிர், ஓருயிர்க்கு ஒரு ‘நான்’ என உலகத்தார் கொள்வர். ஒருவரே இருவராய் வாழ்ந்தார் எனின் நகைத்து விடுவர். சித்தாந்த நூல் பயில்வார்க்கோ அது நகைத்து விடற்பாலதன்று. ஓருடம்பின்கண் இரண்டு ‘நான்’ தோன்றி, ஒன்றையொன்று அறியாதொழியுமாயின், ஆன்மா ஒன்று என நாம் நாட்டும் கொள்கை யாதாம்? இவ்வினாவிற்கு விடை காணாது மேற்சேறல் தகாது. ஆகலின், இத்திங்கள் அதனையே சிந்திக்கப் புகுந்தாம்.

முதற்கண் நிகழ்ச்சி யொன்றைக் கூறுதும். அமெரிக்க நாட்டு ரோட் ஐலண்டு மாகாணத்தில் ஆன்செல் போர்ன் என்பார் ஒருவர் இருந்தார். தச்சுத் தொழில் செய்திருந்து பின்னர்க் கிறித்தவ சமயப் பிரசாரகர் ஆயினவர். 1887-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17-ஆம் நாள் பிராவிடன்ஸ் நகரத்துப் பாங்கியொன்றில் 551 டாலர் பெற்றுக்கொண்டு சென்றவர் வீடு திரும்பிலர். சின்னாட் கழித்துப் பென்சில்வேனியா மாகாணத்து நாரிஸ்டவுன் என்னும் ஊரில் ஏ. ஜே. பிரௌன் எனப் பெயர் கூறிக்கொண்ட ஒருவர் சிறு கடையொன்றை வாடகைக்குக் கொண்டு, எழுதுகருவியும் மிட்டாயும் பழமும் விற்கத் தொடங்கினார். தாமே சமைத்துண்டும், சரக்குக் கொள்ளப் பிலடெல்பியாவிற்குச் சென்று வந்தும், தேவாலய வழிபாட்டிற்குத் தவறாது போயும் அமைதியாக வாழ்ந்தார். மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் அவர் அச்சத்தோடு விழித்தெழுந்து, ‘யான் எங்குள்ளேன்?’ என்று வினவினார். தம் பெயர் போர்ன் என்றும், கடையைத் தாம் அறியார் என்றும், பாங்கியிற் பணம் பெற்றது நேற்று நிகழ்ந்தது போலும் என்றும் கூறினார். இரண்டு திங்கள் அவர்க்கு இல்லையாய்ப் போயின.

1890-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் உளநூற் பேராசிரியர் அவரை அறிதுயிலில் ஆழ்த்தினார். அப்பொழுது பிரௌன் மீண்டும் பேசினார். போர்ன் என ஒருவர் உண்டெனக் கேட்டதுண்டு, சந்தித்ததாக நினைவில்லை என்றார். போர்னுடைய மனைவியாரை எதிரே நிறுத்தியபோது, இவ்வம்மையாரை முன்பு கண்டதேயில்லை என்றார். இருவகை நினைவையும் ஒன்றாக்கப் பேராசிரியர் முயன்றார். அவை ஒன்றாயின இல்லை. இவை யாவும் அவ்வாண்டே வெளிவந்த அவரது உளநூலிற் காணப்படும்.

இது கேட்டுப் பௌத்தர் மகிழ்வர். நினைவின் தொடர்ச்சியே ‘நான்’ எனப்படுவது. தொடர்ச்சி அறுந்தமையின் ‘நான்’ என்பதும் வேறாயிற்று. அதனை உடையதோர் ஆன்மா வேண்டா என்பர். மாயாவாதியார், அறிவுருவாகிய பொருள் ஒன்றே. போர்ன், பிரௌன் என்பன அதன்கண் தோன்றும் பொய்த்தோற்றம் என்பர்.

இவருள் பின்னவரை முன்னர் வினவுதும். தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் அறிவே ஆன்மாவாயின், இரண்டு திங்கள் தன்னைத் தான் அறியாது மயங்கியது யாங்ஙனம்? விளக்கு இருளைக் கண்டு தடுமாறுமோ? மயங்கியது பொய்த்தோற்றமே எனின், மயக்கம் உற்றது யாது என்னும் வினா அவ்வாறே நிற்கும்.

இனிப் பௌத்தர்க்குக் கூறுதும். கடைக்காரராயிருந்த நாளில் பிரௌன் வழிபாட்டுக் கூட்டமொன்றில் எழுந்து கேட்டோர் நன்றெனக் கொள்ளுமாறு பேசினார். அப்பேச்சில் அவர் எடுத்துக் கூறிய நிகழ்ச்சி யொன்று, போர்னாயிருந்த காலத்திற் கண்டதேயாம்! மேலும், கற்ற மொழியும், கணக்கும், சமயப் பற்றும், அடங்கிய இயல்பும் பிரௌனை விட்டு நீங்கில. பெயரும் வரலாறும் மறைந்தன. மறைந்தனவற்றின் கீழே ஒன்று மறையாது நின்றது. நினைவுத் தொடர் இரண்டிற்கும் அடியாய் நின்ற அவ்வொன்றனையே யாம் ஆன்மா என்கின்றாம்.

அற்றேல், ‘நன்றாக உறங்கினேன்’ என விழித்தபின் நினைந்து கூறுதலைக் கொண்டன்றோ ஆன்மா உண்டென நிறுவுவீர். நினைவே அறுந்தவழி அந்நிறுவல் என்னாம் எனின், அறியாது கூறினீர். நினைவு ஆன்மாவிற்கு அடையாளமேயன்றி, ஆன்மாவே அன்று. புகை கண்டுழித் தீ உண்டென்க; புகை இல்வழித் தீ இன்றெனல் ஆகாது. கனன்ற இரும்பிற் புகையில்லை, தீ உண்டு. நினைவு சித்தத்தின் தொழில். சித்தமோ மாயையின் காரியமாகிய கருவி. ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்பதனைச் சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் தெளிவித்து, அமைச்சரொடு கூடிய அரசனை உவமை காட்டிற்று. அமைச்சர் ஒரு நாட்டின் கணக்கை மறைத்துப் பிறிதொரு நாட்டின் கணக்கை மட்டும் கொணர்வராயின், அரசன் தன்னை அந்நாட்டிற்கே உரியனாக எண்ணுவன். எண்ணினமையால் அரசர் இருவர் ஆகார்.

காட்டக் காண்பதும், சார்ந்ததன் வண்ணமாவதும் ஆன்மாவின் இயல்பு. செம்மலர் சார்ந்த பளிங்கு செம்மையாய்த் தோன்றும். கருமலர் சார்ந்தது கருமையாய்த் தோன்றும். இவ்வியல்பு பற்றியே ஏழாஞ் சூத்திரம் ஆன்மாவைச் சதசத்து என்றது. ஆகவே போர்னுக்கு உற்றது வியப்பன்று. நம் அனைவர்க்கும் நாடோறும் சிறிதளவு உறுவது, அவர்க்குப் பேரளவாய் உற்றது என்க.

1903-ஆம் ஆண்டில் டூ பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர், தம் இனத்தார் தம்மைத் தம் கண்ணாலன்றித் தம்மை இகழ்வார் கண்ணாற் காணும் நிலைமையினராய், ஒருவருள்ளே இருவராகி வருந்துதலை எடுத்துரைத்தார். பிறர் பார்வையும் ஒரு சார்பே. அதன் நிறமும் உயிரின்மேற் படியும்.

மொழியினும் அஃது உண்டு. தொல்காப்பியப் பாயிரம் வழக்கு, செய்யுள் என இரண்டனையும் பிரித்தோதும். 1959-ஆம் ஆண்டில் பெர்குசன் என்னும் மொழிநூலார் அரபு, கிரேக்கம் முதலியவற்றைக் காட்டி இவ்விரட்டை வழக்கை ஆராய்ந்தார். தமிழராகிய நாம் மேடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசுகின்றோம். இது குற்றமன்று. ஆயின் மேடைத் தமிழொடு ஓர் ஆளும், வீட்டுத் தமிழொடு மற்றோர் ஆளும் நம்முள் வளர்வராயின், அதுவே கேடு. ‘யான்’, ‘எனது’ அறுக என்று செந்தமிழில் உபதேசித்த நாவே, அவை கலைந்தபின் ஏவலாளனை இழிசொல்லால் வைகின்றது. உபதேசித்தவர் வைதவரை அறிந்திலர். வைதவர் உபதேசித்தவரைச் சந்தித்ததே யில்லை! போர்ன் பிரௌனை மறந்தது அவர் வேண்டிச் செய்ததன்று. நாமோ வேண்டியே மறக்கின்றோம். அருகிருந்து பயிலும் மாணாக்கன் இரண்டு தமிழையும் கேட்கின்றான். எதனைச் சித்தாந்தமெனக் கொள்வான் என்பதை மடாலயத்துப் பெரியோர் எண்ணிப் பார்ப்பாராக.

இதற்கு மருந்து யாது? வேடருள் வளர்ந்த அரசகுமாரனை எட்டாஞ் சூத்திரம் நினைப்பூட்டும். அவன் தன்னை வேடனென்றே எண்ணியிருந்தான். தானே ஆராய்ந்து அவன் தன்னை அறிந்திலன். ‘நீ என் மகன்’ எனத் தந்தை வந்து உணர்த்த உணர்ந்தான். பேராசிரியர் இரு வேடத்தையும் ஒன்றாகத் தைக்க முயன்றார்; முடிந்திலது. குருவாக எழுந்தருளும் முதல்வனோ வேடங்களைத் தைப்பதில்லை. வேடம் பூண்ட உயிருக்கு அதன் உரிமையைக் காட்டுகின்றான்.

அத்துவிதம் என்னுஞ் சொல்லின் எதிர்மறைக்கு இன்மை, மறுதலை என்னும் பொருள்களைத் தள்ளி, அன்மை என்னும் பொருளை நம் ஆசிரியர் கொண்டதன் பயனும் ஈண்டு விளங்கும். இறைவனும் உயிரும் ஒரு பொருளே என்பதன்று. பிரிந்து நிற்கும் இரண்டாதல் அன்று என்பதாம். அவனைச் சார்ந்த உயிர்க்கு அவனது வண்ணமே வண்ணம். அவ்வுயிர் மேடையில் நிற்பினும் அடுக்களையில் நிற்பினும் இறைபணியே நிற்கும். வழக்கு இரண்டாயினும் வாழ்வு ஒன்றாம்.

ஆதலின், அன்பர்காள்! இன்றிரவு திருநீறிட்டுத் துயில்கொள்ளப் புகுமுன், பகலில் நும் வாயிற் பேசிய இருவரையும் முதல்வன் திருமுன் ஒருங்கே நிறுத்துமின். ஒருவரையொருவர் அறியச் செய்தல் அவன் அருளாலே கூடும்.

திருச்சிற்றம்பலம்.