பழகுவதற்கு ஓர் உயிர்

தையல் பழகுகிறவனுக்கு வெட்டுத் துணி கொடுப்பார்கள். தச்சு வேலை பழகுகிறவனுக்குக் கழிவுக் கட்டை கொடுப்பார்கள். எழுதப் பழகும் குழந்தைக்குச் சிலேட்டு. தப்பாக எழுதினால் எச்சிலைத் தொட்டு அழித்துவிடலாம். எந்தத் தொழிலை எடுத்துக்கொண்டாலும், புதிதாகக் கற்பவன் கெடுப்பதற்கென்றே ஏதோ ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது கெட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது கணக்கு. நியாயமான கணக்குத்தான். ஆனால் கற்க வேண்டிய தொழில் உயிரைக் கொல்வதாக இருந்தால், அங்கே வெட்டுத் துணி எது?

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் இந்தக் கேள்விக்கு விடை தயாராக இருக்கிறது. அந்த விடைக்கு ஜாக்ராபிட் என்று பெயர். வேட்டை பழக விரும்பும் இளைஞன் யாரிடம் போய் யோசனை கேட்டாலும், “முதலில் ஜாக்ராபிட்டில் ஆரம்பி” என்றுதான் சொல்லுவார்கள். இந்த யோசனை சரியா, தப்பா என்று நான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்க, இது முயலைப் பற்றிய கேள்வி மட்டும்தானா என்ற சந்தேகமும் வந்துவிட்டது.

முதலில் அந்தப் பிராணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கூண்டில் வளர்க்கிறோமே, அந்த முயல் அல்ல இது. வளை தோண்டத் தெரியாது. புதர் நிழலில் சிறு பள்ளம் பறித்துக்கொண்டு அதில் ஒடுங்கிப் படுத்திருக்கும். குட்டிகள் பிறக்கும்போதே உடம்பில் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. இரண்டு, இரண்டரைக் கிலோ எடை இருக்கும். காது மட்டும் நாலைந்து அங்குலம். கழுதைக் காது போல இருப்பதால் ‘கழுதை முயல்’ என்ற பொருளில் வைத்த பெயர்தான் தேய்ந்து ஜாக்ராபிட் ஆயிற்று. அந்தக் காது கேட்பதற்கு மட்டுமல்ல. அதில் பரவியிருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களின் வழியாக உடம்புச் சூட்டை வெளியே விட்டுத்தான் அது கோடையைத் தாக்குப் பிடிக்கிறது. தண்ணீரும் பெரும்பாலும் தின்னும் இலை தழையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ஓடினால் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகம். தண்ணீரும் இல்லாமல், ஒளிய வளையும் இல்லாமல், கழுகுக்கும் கயோட்டி என்னும் சிறு ஓநாய்க்கும் நடுவே வாழ்ந்துகொண்டிருக்கும் ஜீவன் அது. இதைத்தான் ‘ஆரம்பப் பாடம்’ என்கிறார்கள்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் மான் வேட்டைக்குப் பருவம் உண்டு. பல பகுதிகளில் அனுமதிச் சீட்டுக்குக் குலுக்கல்கூட உண்டு. காடைக்குப் பருவம் உண்டு. சின்னக் காட்டு முயலுக்குக்கூட ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டு. ஜாக்ராபிட்டுக்கு மட்டும் பருவமும் இல்லை, வரம்பும் இல்லை. பயிற்சி வகுப்பில் தேறி லைசென்ஸ் வாங்கியவன் வருஷத்தில் எந்த நாளிலும் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். ‘டுவென்டி டூ’ என்று சொல்லப்படும் சிறு ரைபிள் ஒன்று போதும். செலவு குறைவு, பிராணியோ ஏராளம். கற்பதற்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

இதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் ஈயத் தோட்டாவால் எந்தக் காட்டுப் பிராணியையும் வேட்டையாடக் கூடாது. சுட்டுப் போட்ட பிராணியைத் தின்னும் காண்டர் என்னும் பெருங்கழுகின் உடம்பில் அந்த ஈயம் விஷமாக ஏறிவிடுகிறது. அந்த இனம் அழியும் நிலைக்கு வந்து, 1987-ல் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்க வேண்டியதாயிற்று. ஆகவே முயலைச் சுடுகிறவன், பிறகு அதைத் தின்ன வரக்கூடிய கழுகின் க்ஷேமத்தை நினைத்துச் செம்புத் தோட்டா வாங்க வேண்டும். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஓர் உயிருக்கு மதிப்பு ஏறுவது அதன் இனம் குறையும்போதுதான்! ஏராளமாக இருக்கும்வரை அது பழகுவதற்கான சரக்கு. அருகிப் போனால் பொக்கிஷம். ஒரு காலத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு பறந்ததாகச் சொல்லப்படும் பயணப் புறா என்ற இனத்தில் கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. அந்தப் புறாவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் செத்த கோடிக்கணக்கான புறாக்களுக்கு ஏது பெயர்?

மோஹாவி பாலைவனத்தின் ஓரத்தில், லாங்காஸ்டர் நகரத்துக்குக் கிழக்கே, ஒரு குளிர்காலத்தில் நான் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் தம் பதினாறு வயதுப் பேரனை வேட்டைக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். “வேடிக்கை பார்க்க வருகிறீர்களா?” என்று கேட்டார். நானும் போனேன்.

முதல் நாள் காலையில் கிழவர் பையனிடம் துப்பாக்கியையே கொடுக்கவில்லை. “இன்றைக்குப் பார், போதும்” என்று சொல்லிவிட்டார். கிரியோசோட் புதர்களுக்கும் ஜோஷுவா மரங்களுக்கும் நடுவே நடந்தோம். பத்தடி நடப்பது, நிற்பது, மறுபடி பத்தடி. நடக்கிற மனிதனுக்கு முயல் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. நிற்கிற மனிதனுக்குத்தான் பயப்படுகிறது. ‘கண்டுகொண்டான்’ என்று நினைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. புதரிலிருந்து அம்பு போலப் புறப்பட்டுப் போகும். கொஞ்ச தூரம் போனதும் நின்று, பின்னங்காலில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும். “அந்தத் திரும்பிப் பார்க்கிற நேரம்தான் உனக்கு” என்றார் கிழவர். “ஓடும்போது சுடாதே. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலும் சுடாதே. இந்தச் சின்னத் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும்.”

இரண்டு நாள் கழித்துப் பையனிடம் துப்பாக்கி வந்தது. அதற்கு முன் காகிதக் குறியில் அவன் நூற்றுக்கணக்கான தடவை சுட்டுப் பழகியிருந்தான். காகிதத்துக்கு மூச்சு வாங்குவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. அன்று அவன் கை நடுங்கியிருக்க வேண்டும். தோட்டா முயலின் பின்னங்காலில் பட்டது. அது மூன்று காலால் ஓடி மறைந்துவிட்டது.

“போ, தேடு” என்றார் கிழவர்.

ஒரு மணி நேரம் தேடினோம். மணலில் ஒரு சொட்டு ரத்தம் தெரியும். பிறகு கல்தரை வந்துவிடும், ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிற்று. பையனுக்கு அலுத்துவிட்டது.

“தாத்தா, இது ஒன்று போனால் என்ன? இந்தப் பாலைவனம் பூராவும் இதுதானே இருக்கிறது?” என்றான்.

“உனக்கு நிறைய இருக்கிறது. அதற்கு இருப்பது இன்னும் மூன்று கால்தான். நட” என்றார் கிழவர்.

கடைசியில் ஒரு புதரடியில் கண்டுபிடித்தார்கள். பையனே அதன் வேதனையை முடித்தான். கிழவர் பையிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுத்துக் கொடுத்தார். அந்த முயல்களிடமிருந்து துலரேமியா என்ற காய்ச்சல் மனிதனுக்கு ஒட்டிக்கொள்ளலாம்; அதனால் வெறுங்கையால் அறுக்கக் கூடாது, நன்றாக வேகாமல் தின்னவும் கூடாது. பையன் ஒன்றும் பேசாமல் அறுத்தான். அன்றிரவு அவர்கள் வீட்டில் அதைத்தான் சமைத்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்து என்னோடு வாதாட ஆரம்பித்தேன்.

முயலைப் பழக்கத்துக்கு உபயோகிக்கலாம் என்கிறவர்கள் மூன்று நியாயங்கள் சொல்லுகிறார்கள். ஒன்று, அது நிறைய இருக்கிறது. இரண்டு, நாம் கொல்லாவிட்டாலும் அது எப்படியும் சாகத்தான் போகிறது. மூன்று, கடையில் கறி வாங்கித் தின்கிறவனுக்கு இதைக் கேட்க யோக்யதை இல்லை.

முதல் நியாயத்தைப் பார்ப்போம். நிறைய இருப்பது என்பது ஒரு கூட்டத்தின் குணம். அந்தக் கூட்டத்தில் உள்ள ஒன்றின் குணம் அல்ல. ஊரில் ஜனங்கள் அதிகம் என்பதால் என் பல்வலி குறைந்துவிடுமா? மேலும், ‘நிறைய’ என்ற சொல் மனித மனத்தை என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1930-களில் மேற்குக் கான்சாஸ் பகுதியில் மழை பொய்த்துப் புழுதிப் புயல்கள் வீசிய காலத்தில், மிச்சமிருந்த பயிரையும் இந்த முயல்கள் தின்றுவிட்டன. ஊர் ஊராக ஜனங்கள் வளையம் கட்டி, ஆயிரக்கணக்கான முயல்களை ஒரு பட்டிக்குள் விரட்டித் தடியால் அடித்துக் கொன்றார்கள். வளையத்தில் நின்றவர்கள் கொடியவர்கள் அல்லர். பசித்த குடியானவர்கள். அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று சௌகரியமான நாற்காலியில் உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அவசியத்துக்காக ஆரம்பித்த காரியத்தை வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வந்தது; தடி ஏந்தியவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அந்தச் சிறுவர்கள் அன்று பயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டார்களா, வேறெதையாவது கற்றுக்கொண்டார்களா?

நிறைய என்பது நிலையும் அல்ல. 2020-ல் நியூ மெக்ஸிகோவில் ஆரம்பித்து அந்தப் பாலைவனப் பிரதேசம் முழுவதும் ஒரு முயல் கொள்ளை நோய் பரவிற்று; ஜாக்ராபிட்டுகளும் மடிந்தன. இன்றைய ஏராளத்தை நாளைக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தவர் யார்?

இரண்டாவது நியாயம் இன்னும் பலவீனமானது. பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஓராண்டு நிறைவைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. கயோட்டியின் பல்லைவிடத் தோட்டா இரக்கமானது என்றும் சொல்லலாம். ஆனால் இந்த வாதத்தை மனிதருக்கு நீட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் நடுங்கிப் போவோம். எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே நாம் எல்லோரும்?

மூன்றாவது நியாயம்தான் என்னைத் தொடுகிறது. நான் புலால் உண்கிறவன். வாங்குகிறவனுக்கும் கொலையில் பங்கு உண்டென்று வள்ளுவர் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார். கடையில் தோலுரித்துத் தொங்குவதைப் பார்த்து, “அரைக் கிலோ கொடு” என்று சொல்லுகிற எனக்கு எந்த ரத்தச் சொட்டையும் தேடிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பையன் தன் உணவின் முழு விலையையும் ஒரு காலைப் பொழுதில் தெரிந்துகொண்டான். இந்த வகையில் அவன் என்னைவிட நேர்மையானவன். ஆகவே, வேட்டையே பாவம் என்று எழுதிக் கையெழுத்துப் போட என் பேனா மறுக்கிறது.

ஆனால் கவனியுங்கள். இந்த மூன்றாவது நியாயம் வேட்டைக்குத்தான் சாட்சி சொல்லுகிறது, பழக்கத்துக்கு அல்ல. உண்பதற்காகக் கொல்வது ஒன்று. கைத்திறன் வளர்வதற்காகக் கொல்வது வேறொன்று. முன்னதில் முயலுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பின்னதில் அது வெறும் காகிதக் குறி. வள்ளுவர்கூட, முயலைத் தவறாமல் அடித்த அம்பைவிட யானையிடம் தவறிய வேலே மேல் என்று படைச்செருக்கில் பேசினார். அது வீரர்களுக்குச் சொன்னது. அந்தத் தராசில் முயலுக்கு எடையே இல்லை. பழகுகிறவன் கையிலும் அந்தத் தராசுதான் இருக்கிறது: இன்றைக்கு முயல், நாளைக்கு மான். முயல் தவறினால் பாதகமில்லை!

அமெரிக்காவில் இயற்கைப் பாதுகாப்பைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த ஆல்டோ லியோபோல்ட் தாமே வேட்டைக்காரர். இளம் வயதில் அரிஸோனாவில் ஒரு பெண் ஓநாயைச் சுட்டு, அதன் கண்ணில் ஒளி அணைவதை அருகிலிருந்து பார்த்தவர். அவர் காலமான மறு வருஷம், 1949-ல் வெளிவந்த புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்லுகிறார்: வேட்டைக்காரனைப் பார்த்துக் கைதட்டவோ கண்டிக்கவோ அங்கே கூட்டம் இல்லை, அவனுக்கு அவனுடைய மனச்சாட்சிதான் நடுவர். அந்தக் கிழவருடைய பிடிவாதம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்தக் காயம்பட்ட முயலை விட்டுவிட்டு வந்திருந்தால் எந்தப் போலீஸ்காரரும் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அடுத்த முயலைச் சுடும்போது பையனின் கை நடுங்கியிராது. கைக்கு அது தேர்ச்சி. மனிதனுக்கு அது நஷ்டம்.

எனவே என் முடிவு இதுதான். பழகுவதை யெல்லாம் காகிதத்தில் பழகிக்கொள்ளட்டும். எத்தனை நாளானாலும் ஆகட்டும். ஓர் உயிரின் எதிரே வந்து நிற்கும்போது, ‘நான் புதிதாகக் கற்பவன்’ என்ற சலுகையை விட்டுவிட்டு வரவேண்டும். கை புதிதாக இருக்கலாம். பொறுப்பு புதிதாக இருக்கக் கூடாது. அவ்வளவு பாரத்தைச் சுமக்க முடியாது என்கிறவனுக்கு முயலைச் சுடவும் உரிமை இல்லை.

இதை எழுதும்போது என் மனம் பாலைவனத்தை விட்டு எங்கெங்கோ போகிறது. புது வைத்தியர் முதலில் யார் உடம்பில் கை வைத்துப் பழகுகிறார்? காசு கொடுக்கிற நோயாளியின் உடம்பிலா, தர்ம ஆஸ்பத்திரியின் வராந்தாவில் படுத்திருக்கிறவன் உடம்பிலா? புது உபாத்தியாயரை எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்? புது உத்தியோகஸ்தர் எந்த ஜில்லாவில் தம் முதல் உத்தரவுகளைப் போட்டுப் பார்க்கிறார்? எந்தத் தேசத்திலும், எண்ணிக்கையில் அதிகமாகவும் கேட்பாரில்லாமலும் இருக்கிறவர்களைப் பார்த்துத்தான், “இங்கே பழகிக்கொள்ளலாம், கெட்டால் பரவாயில்லை” என்று நாம் சொல்லுகிறோம். பழகாமல் யாரும் தேர்ச்சி பெற முடியாது. எனக்கும் அது தெரியும். பழகுகிறவர்களுக்குப் பின்னால், காயம்பட்டதைத் தேடிக்கொண்டு போகச் சொல்லும் ஒரு கிழவர் நிற்கிறாரா என்பதுதான் என் கவலை.