புலி விழுங்கிய உண்மை

நெடுந்தொலைவு சென்று மீண்டவனைச் சுற்றி ஊரார் கூடுவர். உட்கார இடம் தருவர், "எதைக் கண்டாய்? எதைக் கடந்தாய்?" என்று ஆவலோடு கேட்பர். அவன் கண்டதை நாம் காணவில்லை. அவன் கடந்த காட்டை அளக்க நம்மிடம் கோல் இல்லை. சான்று, அவன் நாக்கு ஒன்றே! அந்த நாக்குக்குக் காவல் எது? கேட்போர் ஐயுறமாட்டார் என்று தெரிந்த பின்னும், உள்ளதை உள்ளபடியே சொல்ல அவன் கடமைப்பட்டவனா? நல்ல நோக்கத்துக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் குற்றமா?

இந்தக் கேள்வியை நாம் ஏட்டிலே தேடி எடுக்கவில்லை. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, நம் முகத்துக்கு நேரே எழுப்பினாள்.

அரசு வழங்கிய மிதிவண்டியிலே பள்ளிக்கு வரும் பெண்கள் நம் மாணவியர். வண்டி வந்துவிட்டது, ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலன்றி வேறு திசையில் அதன் சக்கரம் சுழலக்கூடாது என்ற கட்டளை, பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டளையைத் தகர்க்க ஒரு கதை வேண்டும் என்று கருதினோம். ஆன்னி லண்டன்டெரி அம்மையாரின் கதையைச் சொன்னோம்.

1894ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார் அந்த அம்மையார். லாட்வியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தவர். மூன்று குழந்தைகளின் தாய். மிதிவண்டி ஏறக் கற்றதோ, புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான்! லண்டன்டெரி என்ற பெயரில் தண்ணீர் விற்ற நிறுவனமொன்று 100 டாலர் தந்தது. தன் பலகையை அவர் வண்டியில் மாட்டியது. தன் பெயரையே அவருக்குச் சூட்டியது. கோப்சாவ்ஸ்கி என்ற பெயரைக் களைந்தார், காலைத் தடுத்த நீள்பாவாடையையும் களைந்தார், கால்சட்டை அணிந்தார். குளிர்காலத்தில் பாரிசிலிருந்து மார்சேய் வரை மிதித்தார். 15 திங்களுக்குப் பின், 1895 செப்டம்பரில், சிகாகோ வந்தடைந்தார். இந்தியாவிலே புலி வேட்டையாடினேன் என்றார். சீன-ஜப்பானியப் போர்க்களத்திலே குண்டடி பட்டேன் என்றார். கேட்டவர் வாய் பிளந்தனர்.

நம் வகுப்பும் வாய் பிளந்தது, ஒருத்தியைத் தவிர! மறுநாள் நிலப்படத்தோடு வந்தாள் அவள்.

"ஐயா! 1895 ஜனவரியில் மார்சேய்த் துறைமுகத்தில் இருந்தார் என்றீர்கள். மார்ச் 23இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார் என்றீர்கள். இரண்டே திங்களில் ஆசியா முழுவதையும் மிதித்துக் கடந்து, புலியையும் வேட்டையாட முடியுமா?"

முடியாது. அம்மையார் சென்றது கப்பலில். கொழும்பு, சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாக நின்று சென்ற கப்பலில். புலி வேட்டை வெறும் கட்டுக்கதை. அவர் குடும்ப வழியில் வந்த பீட்டர் சூட்லின் என்பவர், பழைய செய்தித்தாள்களைத் துருவி ஆராய்ந்து, 2007இல் நூலாகவே எழுதியிருக்கிறார். இது நமக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தோம்!

ஏன் மறைத்தோம்? பெண்கள் துணிவு பெறட்டும். கப்பலைச் சொன்னால் கதையின் காற்று இறங்கிவிடும் என்பது நம் வாதம். தோழர்களே! இது எவருடைய வாதம்? 'மக்கள் நல்வழி நடக்கவே சொன்னோம், ஆராயாதே' என்று புராணக்காரர் கூறும் அதே வாதமன்றோ? அவர் சொன்னால் புரட்டு, நாம் சொன்னால் விழிப்புணர்ச்சி என்றால், பகுத்தறிவு என்பது ஆள் பார்த்து அளக்கும் படியா?

ஆன்னி அம்மையாருக்காக வழக்காடலாம். கையில் செல்வமில்லை. சொற்பொழிவும், விற்ற நிழற்படமும், சுமந்த விளம்பரமுமே வழிச்செலவு. 'மிதித்தேன், முழங்கால் வலித்தது' என்றால் காசு கொடுத்துக் கேட்பார் யார்? கூட்டம் புலி கேட்டது. அவர் புலி கொடுத்தார். குற்றத்தில் பாதி கேட்டவருடையது. ஒப்புகிறோம். ஆனால் நட்டம் எவருக்கு?

முதல் நட்டம் அவருக்கே. ஒரு பெண் தனியே புறப்பட்டது மெய். பிரான்சின் குளிரில் மிதித்தது மெய். ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் உடையை மாற்றியது மெய். பொய் வெளிப்பட்டதும், மெய்யும் குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று. அவர் வேட்டையாடாத புலி, அவர் செய்த சாதனையை விழுங்கிவிட்டது!

அதனினும் பெரிய நட்டம், அவர் வழியைப் பின்பற்ற நினைப்பவருக்கு. இரண்டு திங்களில் ஆசியாவைக் கடந்தாள் ஒருத்தி என்று நம்பும் பெண், முப்பது மைல் மிதித்துக் கால் கடுத்து உட்காரும்போது என்ன நினைப்பாள்? 'அவள் வீராங்கனை, நான் வலுவற்றவள்' என்றுதானே? துணிவு தருவதுபோல் வரும் பொய்க்கதை, தன்மதிப்பைத் திருடிக்கொண்டு போகிறது.

அம்மையாருக்குப் பத்தாண்டு முன்னே, 1884 ஏப்ரல் 22இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார் தாமஸ் ஸ்டீவன்ஸ். முன்சக்கரம் மட்டும் 50 அங்குல உயரமுள்ள வண்டி! 1886 டிசம்பரில் யோகோகாமாவை எட்டினார். மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் எனப்பட்டார். ஆப்கானிஸ்தானத்திலே அவரை மறித்துத் திருப்பி அனுப்பினர். கப்பலேறிக் கராச்சி வந்தார்; ரயிலேறி லாகூர் வந்தார்; அங்கிருந்து கல்கத்தா வரை மிதித்தார். மறிக்கப்பட்டதையும், கப்பலையும், ரயிலையும் தம் நூலில் மறைக்கவில்லை. ஆசிய மக்களைப் பற்றி அந்நூலில் தென்படும் இளக்காரத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் சென்ற வழியைச் சொன்ன நேர்மையை ஏற்கிறோம். அதனால் அவர் புகழ் குறைந்ததா? இல்லை! வழி அடைபட்டவன் மாற்று வழி தேடியதே, படிப்போருக்குப் பாடமாயிற்று.

மீண்டும் வகுப்பில் நின்றோம். கப்பலைச் சொன்னோம், புலி இல்லை என்றோம், தெரிந்தே மறைத்ததையும் ஒப்புக்கொண்டோம். கதையின் காற்று இறங்கவில்லை. கேள்விகள் பிறந்தன. "ஒரு நாளில் எத்தனை மைல் மிதித்தார்?" "டயர் கிழிந்தால் யார் ஒட்டினார்?" "இரவில் எங்கே தங்கினார்?" புலி இருந்தபோது வியந்தவர்கள், புலி போனபின் கணக்கிட்டனர்.

வியப்பவர் வீட்டில் இருப்பர்; கணக்கிடுவோரே புறப்படுவர். புறப்படுங்கள், தோழர்களே! திரும்பி வந்து கதை சொல்லுங்கள். மிதித்த தொலைவைச் சொல்லும் அதே குரலில், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த தொலைவையும் சொல்லுங்கள். அடுத்து வருபவருக்கு வேண்டியது அந்தக் கணக்குத்தான்.