விருந்தாளிக்கு எத்தனை நாள்?

வந்தவரை எத்தனை நாள் தங்கவைப்பது? சமயங்கள் இதற்குத் தயங்காமல் கணக்குச் சொல்லியிருக்கின்றன. விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தருமம் என்கிறது நபிமொழி. ஆதி கிறிஸ்தவர்களின் கையேடான ‘டிடாக்கே’யும் வழிப்போக்கரை இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு மேலும் இருக்க நினைத்தால், தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிடட்டும் என்று கறாராகவும் பேசுகிறது.

கணக்கில் நியாயம் உண்டு. அந்த விருந்தாளிக்குப் போக ஓர் ஊர் இருந்தது. ராமேசுவரம் போகும் வழிநெடுக நம்மவர்கள் கட்டிய சத்திரங்களும் அப்படிப்பட்டவருக்கானவைதான். யாத்திரிகர் இரவு படுப்பார், விடிந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போக்கிடமே இல்லாதவரிடம் நாள் கணக்குப் பேசினால்?

நியூயார்க்கில் இது வழக்காகவே போனது. ஏழைகளைக் காப்பது அரசின் கடமை என்னும் மாநில அரசியல் சட்டப் பிரிவைக் காட்டி, 1979இல் ராபர்ட் காலஹன் என்ற வீடற்றவரும் சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். கேட்டு வரும் வீடற்ற ஆண்களுக்குப் படுக்கை தருவதாக 1981இல் நகரம் ஒப்புக்கொண்டது. தயவாக இருந்தது உரிமையானது. அது கையெழுத்தாகும் முன்பே காலஹன் தெருவில் இறந்துபோயிருந்தார். பழைய கணக்கு மட்டும் சாகவில்லை. 2024 மார்ச்சில், புதிதாக வந்த தனிநபர் குடியேறிகளுக்குப் பெரும்பாலும் 30 நாள்தான் என்று முடிவானது. மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டிருக்கிறார்கள், அவ்வளவே!

மணிமேகலைக் காப்பியத்தின் கண்ணில் பட்டவர்கள் வேறு ஆட்கள். அதில் வரும் ஆபுத்திரன் மதுரையில் சோறிட அழைத்தது பார்வையற்றோரை, கால் ஊனமுற்றோரை, நோயாளிகளை, கேட்பாரற்றோரை. மணிமேகலை ஒருபடி மேலே போய், சோழ மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள்.

நம் நாட்டின் நகர்ப்புற வீடற்றோர் உறைவிடத் திட்டமும் இவர்களைத்தான் மனத்தில் வைத்து உருவானது. லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஓர் உறைவிடம், ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது அதன் விதி. விடிந்ததும் வெளியே போகச் சொல்லும் வழக்கத்தை இது கைவிட்டதே பெரிய காரியம். ஆனால் அங்கிருந்து அடுத்து எங்கே? கெடு விதிப்பதென்றால், அடுத்த வீட்டைத் தேடித்தர வேண்டிய நகராட்சிக்கு விதிக்கலாம்.

ஹெல்சிங்கியில் கிறிஸ்தவ அமைப்பான ‘சால்வேஷன் ஆர்மி’ நடத்திய பெரிய தங்கும் விடுதி, 2008இல் பின்லாந்து தொடங்கிய வீடற்றோர் திட்டத்தின்கீழ் 81 குடியிருப்புகளாக மாற்றப்பட்டது. இப்போது அங்கே இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடியிருக்கிறார்கள்.