கோள்களின் கதியும் காரண ஆராய்ச்சியும்



சனிக்கு மந்தன் என்றும் சனைச்சரன் என்றும் பெயருண்டு. மெல்ல நடப்பவன் என்பது பொருள். ஓர் இராசியைக் கடக்க அதற்கு ஏறத்தாழ இரண்டரை யாண்டு செல்லும். அம்மந்தகதி, வட்டம் பெரிதாதல் பற்றி எழுந்த தோற்ற மாத்திரமோ, உண்மையோ என ஈண்டு ஆராய்வாம்.

ஞாயிற்றினின்று சனி நிற்குந் தொலைவு பூமி நிற்குந் தொலைவினும் 9.5 மடங்கு, வழியும் அத்துணை மடங்கே நீளும். பூமியின் விரைவோடு அது செல்லுமாயின் ஒரு சுற்று 9.5 ஆண்டில் முடிதல் வேண்டும், முடிவதோ 29.5 ஆண்டில். ஆகவே, வழி நெடிதாதலேயன்றி நடையும் மெலிந்தது என்பது பெறப்படும். பூமி நொடிக்கு 29.8 கிலோமீட்டர் செல்ல, சனி 9.7 கிலோமீட்டரே செல்லும். புதன் 47.4, வெள்ளி 35, செவ்வாய் 24.1, வியாழன் 13.1, நெப்டியூன் 5.4. அணிமையில் உள்ளது விரையும். சேய்மையில் உள்ளது மெலியும். 1846-இல் கண்டறியப்பட்ட நெப்டியூன், அதன்பின் ஒரு சுற்று நிறைத்தது 2011-இலேயாம்.

ஒரு கோள்தானும் எஞ்ஞான்றும் ஒரே விரைவிற் செல்வதன்று. நம் பூமி, ஞாயிற்றை அணுகும் மார்கழிப் பிற்கூற்றில் நொடிக்கு 30.3 கிலோமீட்டரும், அகலும் ஆனிப் பிற்கூற்றில் 29.3 கிலோமீட்டருமாகச் செல்லும். இம்முறைமைகளைக் கெப்ளர் 1609-இலும் 1619-இலும் வெளியிட்டார். இவற்றிற்கு ஏது ஈர்ப்பே என நியூட்டன் 1687-இல் நிறுவினார். கோளின் பருமை இதற்கு ஏதுவாகாது. வியாழன் பூமியினும் 318 மடங்கு பொருண்மையுடையது. அதன் வழியில் ஒரு சிறு கல் சுற்றினும் அக்கல்லின் விரைவும் ஏறக்குறைய அதுவேயாம்.

அற்றேல், ஈர்ப்பு விதியே அமையும், கருத்தா வேண்டா எனின், அன்று. விதி என்பது நிகழும் முறையைக் கூறுவதேயன்றி நிகழ்த்துவதன்று. திரிகை சுழலும் முறையை அளந்தறிந்தவன் குயவனை விலக்கினான் ஆகான். ஞாயிறே முதல்வனாகுமோ எனின், அதுவும் ஆகாது; ஞாயிறும் பால்வீதியின் நடுவைச் சுற்றி, நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவோடு இயங்குகின்றது. தானும் இயக்கப்பட்டுப் பிறவற்றையும் இயக்குஞ் சடம் துணைக்காரணமாம்; நிமித்த காரணம் அதனின் வேறென்பதே நம் சித்தாந்தம். ஆதலின், வானநூலார் அளந்ததைச் சைவர் மறுத்தலும் பிழை. அளந்த முறையையே கருத்தாவாகக் கோடலும் பிழை. காண்டலளவைக்கு உரியதைக் காண்டலானும், கருதலளவைக்கு உரியதைக் கருதலானும் கொள்க.

இன்னும் ஒன்று. அசைவற்று அமர்ந்திருக்கின்றோம் என நாம் எண்ணும் இக்கணத்தும், நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் விழுக்காடு கொண்டுசெல்லப்படுகின்றோம். செலுத்தப்படுதலை உணராதார் தம்மையே செலுத்துவோராகக் கருதுவர். யான் எனது என்னுஞ் செருக்கு அதுவேயாம். அஃது ஒழிதற்கு இவ்வாராய்ச்சி சிறிதேனும் உதவுமாயின், கோள்களின் கதியை அறிந்த பயன் அதுவே என்க.

திருச்சிற்றம்பலம்.