அந்த நான்கு நிமிடங்கள்

நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்த பிறகும், அவர் செய்தது தவறுதான் என்று நாம் சொல்லலாமா? 2013 ஜூலை 13 இரவு, ஃபுளோரிடா மாநிலத்தின் சான்ஃபோர்டு நகரில் ஜார்ஜ் ஸிம்மர்மன் விடுதலையானபோது அமெரிக்கா இந்தக் கேள்வியில்தான் இரண்டுபட்டது. ஆறு பெண்கள் கொண்ட ஜூரி, 16 மணி நேரத்துக்கும் மேல் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. ஜூரியே சொல்லியாகிவிட்டது, இனி என்ன பேச்சு என்றார்கள் சிலர். பல ஊர்களில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

2012 பிப்ரவரி 26, மழை பெய்துகொண்டிருந்த மாலை. 17 வயது டிரேவான் மார்ட்டின் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் ஸ்கிட்டில்ஸ் மிட்டாயும் பழச்சாறும் வாங்கிக்கொண்டு, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கறுப்பினப் பையன். தலையில் ஹூடியை இழுத்துவிட்டிருந்தான். அந்தக் குடியிருப்பில் தன்னார்வக் காவலராக இருந்த ஸிம்மர்மன், வண்டியில் உட்கார்ந்தபடி போலீசுக்குப் போன் போட்டு, ஆள் சரியாகப் படவில்லை என்றார். பிறகு இறங்கிப் பின்னாலேயே போனார். அப்படிப் போக வேண்டியதில்லை என்று போனில் இருந்தவர் சொன்னார். சில நிமிடங்களில் கைகலப்பு. ஸிம்மர்மன் சுட்ட ஒரே ஒரு குண்டு, டிரேவானின் மார்பில். அவன் இறந்துபோனான். ஸிம்மர்மனுக்கு மூக்கில் அடி, பின்மண்டையில் காயம். பையன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. ஆறு வாரம் கழித்துத்தான் ஸிம்மர்மன் மீது வழக்கே பதிவானது.

தீர்ப்பைக் குறைசொல்லும் பலர் ஜூரியைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தற்காப்பு என்று ஒருவர் சொன்னால், அது தற்காப்பு அல்ல என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை அந்த மாநிலத்தில் அரசுத் தரப்புக்கு. யார் மேலே கிடந்தது, காப்பாற்றச் சொல்லிக் கத்தியது யார் குரல் என்பதிலேயே சாட்சிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்னால் போனவரே சண்டைக்கு வழிவகுத்தார் என்றால் சட்டம் அதை எப்படிப் பார்க்கும் என்ற விளக்கத்தையும் ஜூரிக்குத் தரும்படி அரசுத் தரப்பு கேட்டது. நீதிபதி டெப்ரா நெல்சன் மறுத்துவிட்டார். அதனால் சுட்ட அந்த நொடியில் ஸிம்மர்மன் உயிருக்குப் பயந்தாரா என்பதுதான் அந்தப் பெண்களின் முன்னால் மிஞ்சிய கேள்வி. வண்டியிலிருந்து ஏன் இறங்கினார் என்பதற்குத் தீர்ப்பு சொல்லும்படி சட்டம் அவர்களைக் கேட்கவில்லை.

கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். “விடுதலைன்னா நல்லவன்னு கோர்ட் சர்டிபிகேட் குடுத்ததா அர்த்தம் இல்லப்பா. கேஸ் நிரூபணம் ஆகலை, அவ்வளவுதான். ஆனா ஊரு அப்படி எடுத்துக்காது” என்றார். ஊர் அப்படி எடுத்துக்கொள்ளாததுதான் எல்லாத் தகராறுக்கும் வேர் என்று நினைக்கிறேன். ஒரு சாரார் அந்தத் தீர்ப்பை நற்சான்றிதழாகத் தூக்கிப் பிடித்தார்கள். மறு சாரார் அதே நற்சான்றிதழைக் கிழிக்கக் கிளம்பினார்கள்.

இறுதி வாதத்தின்போது ஸிம்மர்மனின் வழக்கறிஞர் மார்க் ஓமாரா ஒரு காரியம் செய்தார். நான்கு நிமிடம் எதுவும் பேசாமல் இருந்தார். கோர்ட்டே வாயடைத்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு ஓடிப் போக டிரேவானுக்கு இவ்வளவு நேரம் இருந்தது, ஏன் போகவில்லை என்று காட்டுவதற்காக. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதே நான்கு நிமிடம் துப்பாக்கி வைத்திருந்தவருக்கும் இருந்ததே! வண்டி பக்கத்தில் நின்றது, போலீஸ் வந்துகொண்டிருந்தது. மிட்டாய் வாங்கி வந்த பிள்ளை ஏன் வீட்டுக்கு ஓடவில்லை என்று கணக்குப் பார்த்தவர்கள், வளர்ந்த மனிதர் ஏன் வண்டிக்குத் திரும்பவில்லை என்று கணக்குப் பார்க்கவில்லை. பின்தொடர்வது சட்டப்படி குற்றமில்லை என்பது எனக்கும் தெரியும். குற்றமில்லாத எத்தனையோ செயல்களுக்கு நாம் வீட்டில், தெருவில், வேலையிடத்தில் ஒருவரையொருவர் பதில் கேட்கத்தான் செய்கிறோம். அந்த உரிமையைத் தீர்ப்பு வந்த அன்றோடு ஏன் கைவிட வேண்டும்?

சட்டத்தின் தீர்ப்பையும் மனதின் தீர்ப்பையும் ஒரே நெஞ்சில் சுமந்த ஒருவர் அந்த ஜூரியிலேயே இருந்தார். வழக்கு நடந்தபோது பி29 என்ற எண்ணால் மட்டும் அறியப்பட்ட அவர், முதலில் கொலைக்குற்றம் என்றே நின்றவர். கடைசியில் சட்டம் சொன்னபடி விடுதலைக்கு வாக்களித்தார். இரண்டு வாரத்துக்குள் தொலைக்காட்சிக்கு வந்து, அந்த மனிதர் கொலை செய்துவிட்டுத் தப்பிவிட்டார் என்றும், டிரேவானின் பெற்றோரிடம் தான் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருப்பதாகவும் சொன்னார். இரண்டு பக்கத்தாரும் அவரை ஏசினார்கள். எனக்கோ அந்த வழக்கில் அவர்மேல்தான் மரியாதை அதிகம். கையில் கொடுத்த சட்டத்தை வளைக்கவும் இல்லை, தன் மனதில் பட்டதை விழுங்கவும் இல்லை.

அவருடைய கையைக் கட்டிய சட்டத்தை மாற்றுவதற்குத்தான் அந்தக் கோபமெல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆபத்து என்று பட்டால் பின்வாங்கத் தேவையில்லை என்று 2005-ல் ஃபுளோரிடா இயற்றிய சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி, தீர்ப்புக்குப் பின் மாணவர்கள் ஆளுநர் அலுவலகத்திலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். சட்டம் அசையவில்லை. 2017-ல் திருத்தம் ஒன்று வந்தது. வழக்கு விசாரணைக்குப் போகும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவர் அதிலிருந்து விலக்கு கேட்கும் கட்டத்தில், தற்காப்பு அல்ல என்று காட்டும் சுமையை அது அரசுத் தரப்பின் தலையில் வைத்தது. இப்போது அங்கே இப்படியொரு வழக்கு ஜூரியின் முன்னால் போய் நிற்பதே முன்னைவிடக் கடினம்.