காணாமையும் இன்மையும்: இயங்குகோப்பை இழந்த ரவுட்டரும் தன்னை மறந்த உயிரும்

தன் அறிவை இழந்த ஒன்று அவ்வறிவைத் தன் முயற்சியாலேயே மீட்டுக்கொள்ள இயலுமா என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. தேடுவதற்கே அறிவு வேண்டும். இழந்த பொருளே அறிவாக இருக்கும்போது எதைக் கொண்டு தேடுவது? கிரேக்கத்தில் பிளேட்டோ ‘மேனோ’ என்னும் உரையாடலில் இம்முடிச்சை எழுப்பினார். இந்திய மரபில் அத்வைதமும் சைவ சித்தாந்தமும் இதற்குத் தத்தம் வழியில் விடை கண்டன. அவ்விடைகள் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் தெளிவாகக் காண்பதற்கு உயிரற்ற ஒரு பொறியின் நிலை பெரிதும் துணைசெய்கிறது. கணினி வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று இணைத்துத் தரவுகளுக்கு வழிகாட்டும் ரவுட்டர் என்னும் திசைவி, தான் இயங்குவதற்கு வேண்டிய கோப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும் நிலையே அது.

1998ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த சிஸ்கோ 2600 வரிசையைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் அறிவு நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. மின்சாரம் போனாலும் அழியாத ரோம் என்னும் நிலைநினைவகத்தில் ஒரு சிறிய தொடக்க நிரல் உள்ளது. ஃபிளாஷ் நினைவகத்தில், சிஸ்டம் இமேஜ் எனப்படும் இயங்குகோப்பு, அதாவது ரவுட்டரின் முழு இயக்க மென்பொருளும் அடங்கிய கோப்பு, சேமிக்கப்பட்டிருக்கும். என்விரேம் என்னும் மூன்றாவது நினைவகத்தில் அந்தக் குறிப்பிட்ட ரவுட்டரின் பெயர், முகவரிகள், வழித்தடங்கள் முதலிய அமைப்புக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். நான்காவதாகிய ரேம், இயங்கும்போது மட்டும் நிரம்பி, மின்சாரம் நின்றதும் வெறுமையாகும். பொறியை இயக்கியவுடன் தொடக்க நிரல் தன் உறுப்புகளைச் சோதித்து, கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் என்னும் சிறு பதிவேட்டைப் படித்து, அதன்படி இயங்குகோப்பைத் தேடி எடுத்து ரேமில் விரித்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. தேடிய கோப்பு கிட்டாதபோது ஒப்படைக்க எதுவும் இல்லாமையால், ரோம்மான் எனப்படும் மீட்பு நிலையில், கன்சோல் திரையில் ஒரு சிறு குறியை மட்டும் காட்டியபடி கட்டளைக்குக் காத்து நிற்கிறது.

இந்த நிலையில் அப்பொறிக்கு எஞ்சியிருக்கும் அறிவு எத்தகையது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். அதனால் ஒரு தரவுப் பொட்டலத்தைக்கூட வேறு வலைக்கு வழிப்படுத்த இயலாது. அதன் பிறவித் தொழிலே அதற்கு மறந்துவிட்டது. அதன் முகவரி என்விரேமில் எழுத்தாகவே பொறிக்கப்பட்டிருந்தும், அவ்வெழுத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் திறன் இயங்குகோப்புக்கு மட்டுமே உண்டு என்பதால், தன் முகவரியையே அது அறியாது. வலைவழியாகக் கோப்பைப் பெறவேண்டுமானால், ‘உன் முகவரி இது, உன் வலையின் எல்லை இது, வெளியேறும் வாயில் இது, கோப்பை வைத்திருக்கும் கணினி இது, கோப்பின் பெயர் இது’ என்று ஐந்து செய்திகளையும் வெளியிலிருந்து ஒருவர் தட்டச்சு செய்து தரவேண்டும். தன்னுள்ளேயே எழுதப்பட்டிருக்கும் தன் பெயரைப் பிறர் சொல்லித்தான் அது அறிகிறது. இருந்தும் அது முற்றிலும் அறிவற்றதன்று. தேடியது கிட்டவில்லை என்பதை உணர்கிறது, கேட்கிறது, சொன்னதை ஏற்கிறது. இழப்பை உணர்வதும் உரையை ஏற்பதுமாகிய இந்தச் சிறிய எச்சம் இல்லையேல் மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி, ‘கிட்டவில்லை’ என்பது எதைக் காட்டுகிறது? இங்கேதான் அளவையியல், அதாவது அறிவைப் பெறும் கருவிகளை ஆராயும் துறை, நேரடியாகப் பயன்படுகிறது. குமாரிலரைப் பின்பற்றும் மீமாம்சகரும் அத்வைதிகளும் ஒரு பொருளின் இன்மையை அறிவதற்கு அனுபலப்தி என்னும் தனி அளவையை ஏற்றனர்; காணப்படாமையே இன்மையை அறிவிக்கிறது என்பது அதன் பொருள். ஆயினும் எல்லாக் காணாமையும் இன்மைக்குச் சான்றாகாது என்பதை அவர்களே வரையறுத்தனர். வெளிச்சமுள்ள தரையில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை என்று கொள்ளலாம்; இருளில் காணப்படாவிட்டால் கொள்ள இயலாது. இருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற உறுதி உள்ள இடத்தில் மட்டுமே காணாமை அளவையாகிறது. இன்மை என்னும் அளவையைச் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியர் பிறவற்றோடு எண்ணி, முடிவில் அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ரவுட்டர் ‘இயங்குகோப்பைக் காணவில்லை’ என்று அறிவிக்கும்போது பெரும்பாலும் அது இருளில் தேடியதன் முடிவையே அறிவிக்கிறது. கோப்பின் பெயரைச் சுட்டும் கட்டளையில் ஓரெழுத்து பிறழ்ந்திருந்தால், கோப்பு முழுமையாக ஃபிளாஷில் இருந்தும் அப்பெயரால் தேடும் தேடல் தோற்கும். ஆகவே அனுபவமுள்ள பொறியாளர் எதையும் கொண்டுவருவதற்கு முன், ஃபிளாஷில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று பட்டியலிட்டுப் பார்க்கிறார். உரிய கோப்பு அங்கே இருந்தால், அதன் சரியான பெயரைச் சொல்லி இயங்கச் செய்கிறார். இந்த வரிசைமுறை வெறும் சிக்கன நோக்கால் ஏற்பட்டதன்று. 2600 வரிசையில், டிஎஃப்டிபி என்னும் எளிய கோப்புமாற்ற நெறியால் புதுக்கோப்பை இறக்கும் மீட்புக் கட்டளை, ஃபிளாஷில் ஏற்கெனவே உள்ள அனைத்தையும் அழித்துவிட்டே எழுதும்; அழியும் என்ற எச்சரிக்கையையும் அதுவே திரையில் காட்டும். காணாமையை இன்மை என்று அவசரத்தில் கொள்பவர், அத்தவறான முடிவாலேயே இன்மையை உண்மையாக்கிவிடுகிறார். மனித வாழ்விலும் தன்னிடம் நன்மை எதுவும் இல்லை என்று முடிவுகட்டியவர்கள், இருந்த நன்மையையும் அம்முடிவாலேயே அழித்துக்கொள்வதுண்டு என்பதால், அளவையியலின் இந்தச் சிறு வரையறை நூலறிவோடு நின்றுவிடும் ஒன்றன்று.

கோப்பு இருந்தும் அறியப்படாத இந்த வகை, அத்வைதம் காட்டும் பத்தாமவன் கதையோடு மிக நெருங்கி நிற்கிறது. ஆற்றைக் கடந்த பதின்மர் தம்மை எண்ணும்போது, எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஒன்பதின்மரே கிட்ட, ஒருவன் இறந்தான் என்று அழுதனர். சங்கரர் உபதேச சாகஸ்ரியில் எடுத்தாண்ட இக்கதையைப் பதினான்காம் நூற்றாண்டில் வித்யாரண்யர் பஞ்சதசியின் ஏழாம் பகுதியில் விரித்தபோது, அறியாமையின் மறைப்பில் இரு கூறுகளைப் பிரித்துக் காட்டினார்: ‘பத்தாமவன் தோன்றவில்லை’ என்பது ஒன்று, ‘பத்தாமவன் இல்லை’ என்பது மற்றொன்று. நம்பத்தகுந்த ஒருவர் ‘பத்தாமவன் இருக்கிறான்’ என்று சொன்னதும் இன்மை என்னும் மயக்கம் நீங்குகிறது. ‘நீயே அவன்’ என்றதும் தோன்றாமையும் நீங்குகிறது. பட்டியலில் கோப்பின் பெயரைக் கண்டதும் பொறியாளருக்கு முதல் தெளிவு பிறக்கிறது; அப்பெயரைச் சொன்னதும் பொறி எழுகிறது. வெளியிலிருந்து பொருள் எதுவும் உள்ளே வரவில்லை. வந்தது சொல் மட்டுமே. அத்வைதம் தன் முழு வலிமையையும் ஊன்றி நிற்கும் இடம் இதுதான். இழந்ததாகக் கருதப்பட்டது ஒருபோதும் இழக்கப்படவில்லை. ஆகவே அறிதலே அடைதல்.

பதிவேட்டால் நேரும் தடை இதற்கு அடுத்தது. வழக்கமாகப் பதினாறடிமான எண்ணாக 2102 என்றிருக்கும் மதிப்பின் கடைசி இலக்கம் சுழியாக மாற்றப்பட்டிருந்தால், கோப்பும் அதன் பெயரும் பிழையின்றி இருந்தும் ரவுட்டர் ஒவ்வொரு முறையும் மீட்பு நிலையிலேயே நிற்கும். இது இழப்புமன்று, மறதியுமன்று, நிறுத்தி வைத்தல். இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக எண்ணி, உயிர் பக்குவப்படும்வரை அதனைப் பின்னின்று நடத்தும் அருளாகவே கொண்ட சைவ சித்தாந்தத்துக்கு இவ்வகை அயலானதன்று.

கோப்பு உண்மையிலேயே அழிந்துவிட்ட நிலையே வினாவின் கூர்முனை. இங்கே சொல் மட்டும் போதாது, பொருள் வரவேண்டும். வலைவழி கிட்டாத இடத்தில் கன்சோல் கேபிள் வழியாக, வார்டு கிறிஸ்டென்சன் 1977இல் உருவாக்கிய எக்ஸ்மோடம் நெறியைக் கொண்டு கோப்பைச் செலுத்துகின்றனர். நொடிக்கு 9600 பிட் என்னும் இயல்பான வேகத்தில் 16 எம்பி அளவுள்ள கோப்பு ஒன்று முழுமையாகச் சென்றுசேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். வேகத்தை 115200 ஆக உயர்த்தினால் அரைமணிக்குள் முடியும். அந்நெறியின் அடிப்படை வடிவில் 128 பைட் கொண்ட துண்டுகளாகத் தரவு செல்கிறது. ஒவ்வொரு துண்டையும் பெறுபவர் சரிபார்த்து ஏற்றதாகச் சொன்ன பிறகே அடுத்தது வரும். பிழைபட்டால் அதே துண்டு மீண்டும் வரும். அதைவிட முதன்மையானது, அனுப்புபவர் தாமாகத் தொடங்குவதில்லை என்பது. பெறுபவர் முதலில் ஒரு குறியை அனுப்பித் தன் ஆயத்தத்தை அறிவிக்க வேண்டும். அதுவரை அனுப்புபவர் முழுக்கோப்பையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

மெய்கண்டாரின் சிவஞான போதம் எட்டாம் நூற்பாவில், ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு, முதல்வனே குருவாகி வந்து உணர்த்துவதைச் சொல்கிறது. வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனுக்கு அவன் யார் என்பதை அரசனே வந்து அறிவிப்பதாக உரைகள் இதனை விளக்குகின்றன. அந்த நூற்பா, உணர்த்துதல் தவத்தின் பயனாக நிகழ்வதாகச் சொல்வதைக் கூர்ந்து நோக்க வேண்டும். உயிரின் அறிவை மறைக்கும் மாசாகிய மலத்தின் வலி தேய்ந்து பக்குவப்படுவதாகிய மலபரிபாகமும், அதைத் தொடர்ந்து அருள் பதிவதாகிய சத்திநிபாதமும் சித்தாந்தத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அருள் எப்போதும் ஆயத்தமாகவே உள்ளது. பெறுபவரின் ஆயத்தமே காலத்தை வரையறுக்கிறது. உயிர் தானே உணராது, சடப்பொருள்போல் உணர்த்தினும் உணராததுமன்று, உணர்த்த உணர்வது என்னும் சித்தாந்தத்தின் இடைநிலை, மீட்பு நிலையில் நிற்கும் அப்பொறியின் எச்ச அறிவோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

பெறுவது வெளியிலிருந்து வருவதாயின் அதை எவ்வாறு நம்புவது? துண்டுதோறும் சரிபார்க்கும் கூட்டுத்தொகை, கேபிளின் இரைச்சலால் நேர்ந்த பிழையைக் காட்டுமேயன்றி, தீய நோக்குடன் மாற்றப்பட்ட கோப்பைக் காட்டாது. 2015 செப்டம்பரில், உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இந்தியா ஆகிய நாடுகளில் இயங்குகோப்பே திருத்தி நாட்டப்பட்ட ரவுட்டர்கள் கண்டறியப்பட்ட செய்தி வெளிவந்தது. அவை வழக்கம்போல் இயங்கிக்கொண்டே அயலாருக்கும் வாயில் திறந்து வைத்திருந்தன. செயல் வெற்றிபெறுவதைக் கொண்டு அறிவின் மெய்ம்மையை அனுமானிக்கலாம் என்ற நியாய மரபின் கொள்கை இங்கே இடறுகிறது. குறை வெளிப்படும்வரை அறிவு தன்னாலேயே மெய் என்ற மீமாம்சகரின் கொள்கையும் ஆறுதல் தருவதில்லை. சரிபார்க்கும் கருவியைச் சரிபார்க்க மற்றொன்று என்று போனால் அநவஸ்தை, அதாவது முடிவிலாது பின்செல்லும் குற்றம், நேரும். கென் தாம்ப்சன் ட்யூரிங் விருதை ஏற்று ஆற்றி 1984இல் வெளியான உரையும், மூலநிரலை எவ்வளவு ஆராய்ந்தாலும் அதை மொழிபெயர்க்கும் நிரலில் ஒளிந்த தீமை புலப்படாது போகலாம் என்றே காட்டியது. பிற்காலக் கருவிகளில் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி, திருத்த இயலாத வன்பொருளில் பதிக்கப்படுவது இந்தக் குற்றத்தை ஓரிடத்தில் நிறுத்துவதற்காகவே. மலமுடைய எவரையும் இறுதிச் சான்றாகக் கொள்ளாமல், இயல்பாகவே மலமற்ற முதல்வனே குருவாகி வருகிறான் என்று சித்தாந்தம் வற்புறுத்துவதற்கும் இதே தருக்கத் தேவை காரணம் என்று கொள்ள இடமுண்டு. அதை வெறும் பக்திப் பெருக்காகக் கருதுவது அந்நூலாசிரியர்களின் கூர்மையைக் குறைத்து மதிப்பதாகும்.

இந்த ஒப்புமை நிற்காத இடமும் உண்டு. அழிந்த கோப்பு என்பது வெறும் இன்மை. ஆணவம் என்னும் மலமோ சித்தாந்தப்படி இன்மையன்று, உயிரின் அறிவை அனாதியே பற்றி மறைத்து நிற்கும் உள்பொருள். அறிவு உயிரிடம் இல்லாமல் போகவில்லை, மறைபட்டிருக்கிறது என்பதால் அருள் புதிதாக அறிவை ஊட்டுவதில்லை. அவ்வளவில் சித்தாந்தம் அத்வைதத்தின் பக்கம் சாய்வதுபோல் தோன்றும். ஆனால் மறைப்பு நீங்கிய பின்னரும் உயிர் தானாக அறியாது என்று சொல்லி அது உடனே விலகிக்கொள்கிறது. கண் நோயற்றதாக இருந்தாலும், கண்ணுக்குப் பொருளைக் காட்டி, உடனின்று தானும் காணும் உயிர் இல்லையேல் கண் எதையும் காணாது. அதுபோல் வீடுபேற்றிலும் உயிருக்குக் காட்டியும் உடனின்று கண்டும் முதல்வன் உதவுகிறான் என்பது சிவஞான போதத்தின் பதினோராம் நூற்பாவின் கருத்து. ரவுட்டரோ இயங்குகோப்பைப் பெற்றபின், என்விரேமில் அதுவரை பொருளற்றுக் கிடந்த தன் பெயரையும் முகவரிகளையும் தானே படித்துக்கொண்டு, கன்சோல் கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் பல ஆண்டுகள் தனித்து இயங்கும். மீட்டவரோடு அதன் பின்னர் பொறிக்குத் தொடர்பில்லை. சித்தாந்தம் சொல்லும் விடுதலையில் அந்தத் தொடர்பு அறுவதில்லை. பெறுபவரும் தருபவரும் இரண்டெனப் பிரிந்து நில்லாத, ஒன்றாகியும் முடிந்துவிடாத அந்த உறவையே அது அத்துவிதம் என்று வழங்குகிறது.